பிறந்ததற்குச் சாட்சி யார்? – பதிவேட்டில் இல்லாத பிறப்பும் குடியேற்ற விண்ணப்பமும்

கேள்வி

1958-இல் தென் தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில், தாய்வீட்டு உள்ளறையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவச்சி வந்து பேறு பார்த்தாள், பாட்டி உடனிருந்தாள். பிறந்த நாழிகையைக் குறித்து வைத்து ஜாதகமும் கணித்தார்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டது. அமெரிக்கக் குடிமகனாகிவிட்ட மகன், அந்த அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொள்ள நிரந்தர வசிப்புரிமை கோரி விண்ணப்பிக்கிறான். பேச்சு வழக்கில் அதன் பெயர் கிரீன் கார்டு. இணைக்க வேண்டிய தாள்களின் பட்டியலில் அம்மாவின் பிறப்புச் சான்றிதழும் இருக்கிறது. அப்படி ஒரு தாள் எழுதப்படவே இல்லை.

இது அரிதான நிலை அன்று. யூனிசெஃப் 2024 டிசம்பரில் வெளியிட்ட கணக்குப்படி, உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சுமார் 15 கோடிப் பேருக்கு இன்றுகூடப் பிறப்புப் பதிவு இல்லை. இந்தியாவில் 2005-06-இல் நடந்த மூன்றாவது தேசியக் குடும்பநல ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 41 விழுக்காட்டினரின் பிறப்பே பதிவாகியிருந்தது. 2019-21 ஆய்வில் அது 89 விழுக்காடாக உயர்ந்தது. 2005-இலேயே நிலைமை அதுவென்றால் 1958-ஐப் பற்றி விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஓர் அரசு எழுதத் தவறிய தாளை இன்னோர் அரசு கேட்கும்போது, மெய்ப்பிக்கும் சுமை யார் தலையில் விழுகிறது? அமெரிக்கக் குடியேற்ற விதிகள் இதற்கு ஒரு விடை வைத்திருக்கின்றன. அந்த விடையைத் தமிழ்நாட்டின் பதிவு வரலாற்றோடு ஒட்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. விதி கடுமையானது என்று குறைகூறுவோர் பலர். விண்ணப்பதாரர்களின் அலட்சியமே காரணம் என்று ஒதுக்குவோரும் உண்டு. இரு சாராருமே விதிக்குள் இருக்கும் ஒரு வாக்கியத்தைப் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம்.

விதி சொல்வது

அமெரிக்கக் கூட்டாட்சி ஒழுங்குமுறைத் தொகுப்பின் 8-ஆம் தலைப்பு, 103.2(பி)(2) என்னும் பிரிவு மூன்று படிகளை வைக்கிறது. கேட்ட ஆவணம் இல்லையென்றால், முதலில் விண்ணப்பதாரர் தகுதியற்றவர் என்ற அனுமானம் எழுகிறது. அந்த அனுமானத்தை உடைக்க, ஆவணம் இல்லை அல்லது கிடைக்காது என்பதை அவர் நிறுவி, தேவாலயப் பதிவு, பள்ளிப் பதிவு போன்ற இரண்டாம் நிலைச் சான்றுகளைத் தர வேண்டும். அவையும் இல்லையென்றால் அதையும் நிறுவி, பிறப்பை நேரடியாக அறிந்த, மனுவில் தொடர்பில்லாத இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ அளிக்கும் பிரமாணப் பத்திரங்களைத் தர வேண்டும்.

ஆவணம் இல்லை என்பதற்கும் ஆவணம் வேண்டும். உரிய அரசு அலுவலகத்தின் முகப்புத்தாளில் எழுதிய கடிதம் அது. தமிழ்நாட்டில் இதற்காக அலைந்தவர்கள் ‘நான்-அவைலபிலிட்டி’ என்பார்கள்; தமிழில் பதிவின்மைச் சான்று எனலாம். அக்கடிதம் பதிவு ஏன் இல்லை என்ற காரணத்தைச் சொல்ல வேண்டும். அதே காலத்துக்கும் அதே இடத்துக்கும் உரிய இதுபோன்ற பிற பதிவுகள் இருக்கின்றனவா என்பதையும் சொல்ல வேண்டும். நான் மேலே குறிப்பிட்ட வாக்கியம் இதுதான்.

இன்னாருக்குப் பதிவு உண்டா என்பதோடு இந்த வாக்கியம் நிற்கவில்லை. அந்த ஊரில் அந்த ஆண்டில் பதிவு செய்யும் பழக்கம் இருந்ததா என்றும் கேட்கிறது. இது தனிமனிதரின் குறையை விட்டுப் பதிவு செய்த அரசின் குறையை நோக்கித் திரும்பும் கேள்வி. ஒரு நாட்டில் குறிப்பிட்ட வகை ஆவணம் பொதுவாக இல்லை என்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் கையேடே சொன்னால், இந்தக் கடிதமும் தேவையில்லை என்று அதே பிரிவு விலக்களிக்கிறது. நேர்மையாகத் திரும்பத் திரும்ப முயன்றும் கடிதம் கிடைக்காதவர் அந்த முயற்சிகளுக்கான சான்றுகளைத் தரலாம் என்றும் இடம் விடுகிறது. எனவே விதி முற்றிலும் மூடிய கதவு அன்று.

மெய்ப்பிக்க வேண்டிய அளவும் மிகையானது அன்று. குடியேற்றத் துறையின் மேல்முறையீட்டு அலுவலகம் 2010-இல் சவாத்தே வழக்கில் உறுதி செய்தபடி, சொல்லப்படும் செய்தி உண்மையாக இருப்பதற்கே வாய்ப்பு கூடுதல் என்று காட்டினால் போதும். ஐயத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டியதில்லை. ஆனால் நடைமுறையின் இறுக்கம் விதியைத் தாண்டியும் மாறக்கூடியது. கூடுதல் சான்று கேட்கும் கடிதமான ஆர்.எஃப்.இ. அனுப்பாமலே விண்ணப்பத்தை நிராகரிக்க 2018-இல் ஒரு கொள்கைக் குறிப்பு அதிகாரிகளுக்கு விரிந்த அதிகாரம் தந்தது. 2021 ஜூனில் அது திரும்பப் பெறப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் விதியின் ஓர் எழுத்துகூட மாறவில்லை. முதல் கட்டிலேயே எல்லாவற்றையும் வைக்கத் தவறியவருக்கு இருந்த ஆபத்து மாறியது.

எண்ணுவதற்காக எழுதிய பதிவேடு

நம் பக்கத்துக்கு வருவோம். 1886-இன் மத்தியச் சட்டம் விரும்பியவர் பதிந்துகொள்ளலாம் என்ற அளவில் நின்றது. சென்னை மாகாணத்துக்கென 1899-இல் தனிச் சட்டம் வந்தது. கிராமங்களில் முன்சீப் பதிவேட்டை வைத்திருந்தார். சுதந்திர இந்தியாவின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் நிறைவேறி, பெரும்பாலான மாநிலங்களில் 1970 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இந்தத் தேதிகளைக் காட்டிலும் பதிவேட்டின் நோக்கமே முக்கியம் என்று கருதுகிறேன். காலனி அரசு பிறப்பையும் இறப்பையும் எழுதியது பெரும்பாலும் பொதுச் சுகாதாரத்துக்காக. காலரா எந்த வட்டத்தில் எத்தனை உயிரைக் கொண்டுபோயிற்று, எத்தனை குழந்தைகள் பிறந்தன என்று தெரிய வேண்டியிருந்தது. எண்ணிக்கைக்குக் குழந்தையின் பெயர் தேவையில்லை. அதனால்தான் பழைய பதிவேடுகளில் தகப்பன் பெயர், ஊர், தேதி, ஆணா பெண்ணா என்பதோடு வரி முடிந்துவிடுகிறது. 1969 சட்டமும் பெயரில்லாமல் பிறப்பைப் பதிய இடம் தருகிறது. பெயரைப் பிறகு சேர்க்க அதன் 14-ஆம் பிரிவு வழி செய்கிறது. நம் வீடுகளில் பெயரைப் பிறகு சேர்க்கப் போனவர்கள் குறைவு. இப்படி ஒரு வரி கிடைத்தாலும், ‘பெண்’ என்று மட்டும் எழுதிய அந்தக் குழந்தைதான் விண்ணப்பத்தில் இருக்கும் அம்மாள் என்று இன்னொரு முறை நிறுவ வேண்டும். ஐந்து பெண்களைப் பெற்ற வீட்டில் அது எளிய காரியம் அன்று.

இடமும் குழப்பும். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். ஆகவே முதல் குழந்தையின் பதிவு இருக்குமானால் அது அம்மாவின் ஊரில் இருக்கும். பிள்ளைகளோ அப்பாவின் ஊர் அலுவலகத்தில் தேடிவிட்டு, இல்லை என்ற சான்றும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அந்தச் சான்று உண்மைதான். ஆனால் தவறான ஊரின் உண்மை. ‘பிறந்த இடம்’ என்று படிவம் கேட்கும்போது ‘சொந்த ஊர்’ என்று நாம் விடை எழுதுவதும் இதே பழக்கத்தின் தொடர்ச்சி. கடவுச்சீட்டில் அப்பாவின் ஊரும் பதிவேட்டில் அம்மாவின் ஊரும் நின்றால், ஆவணங்கள் முரண்படுகின்றன என்று அதிகாரி எழுதுகிறார். அவருடைய மொழியில் சொந்த ஊர் என்ற கருத்துக்குத் தனிக் கட்டம் இல்லை.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. முன்சீப்பும் கர்ணமும் போய், கிராம நிர்வாக அலுவலர் வந்தார். பரம்பரை ஆதிக்கத்தை முறித்த அந்த முடிவை நான் சரியென்றே மதிக்கிறேன். ஆனால் தலைமுறையாக ஒரே வீட்டில் இருந்த கணக்குகள் கைமாறியபோது, எந்த ஆண்டுப் பதிவேடு எந்த அலமாரிக்குப் போயிற்று என்ற நினைவும் அந்த வீட்டோடு நின்றுபோனது. தாலுகா அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகம் என்று தேடுகிறவர் அலைவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

இரண்டாம் நிலைச் சான்று

‘தேவாலயப் பதிவு, பள்ளிப் பதிவு’ என்ற விதியின் எடுத்துக்காட்டுகளில் அது பிறந்த சமூகத்தின் சாயல் தெரிகிறது. தூத்துக்குடிக் கடற்கரையிலோ நாகர்கோவிலிலோ பிறந்த கத்தோலிக்கப் பெண்ணுக்குப் பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு வரி இருக்கும். பெற்றோர், ஞானப் பெற்றோர் பெயர்கள்கூட இருக்கும். அடுத்த தெருவில் அதே வாரம் பிறந்த இந்துப் பெண்ணுக்குக் கோயிலில் எந்த ஏடும் இல்லை. பள்ளிவாசல் ஜமாத் நிக்காஹ் பதிவேடு வைத்திருக்கும். பிறப்புப் பதிவேடு பொதுவாக வைப்பதில்லை. ஒரே ஊர், ஒரே ஆண்டு, ஒரே அரசு. சான்றின் வலிமை மட்டும் சமயத்தைப் பொறுத்து மாறுகிறது.

பள்ளிக்கூடமே எஞ்சுகிறது. அன்றைய பள்ளிச் சேர்க்கையை அறிந்தவர்களுக்கு அதன் முறை தெரியும். பிள்ளை வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது. தலைமையாசிரியர் ஜூன் மாதத்தையொட்டிய ஒரு தேதியைப் போட்டுச் சேர்த்துக்கொள்வார். அந்தத் தேதி பள்ளி இறுதிச் சான்றிதழுக்கும், அங்கிருந்து வேலைக்கும், கடவுச்சீட்டுக்கும் போகும். ஒரு மனிதர் தம் வாழ்நாள் முழுவதும் அந்தத் தேதியில் மூத்து, ஓய்வும் பெறுவார். பிரத் மல் சிங்வி எதிர் ஆனந்த் புரோகித் வழக்கில் (1988) இந்திய உச்ச நீதிமன்றம், பள்ளிப் பதிவேட்டிலுள்ள பிறந்த தேதிக்கு, அதை எவர் சொல்லி எழுதினார்கள் என்று தெரியாதவரை, சான்று மதிப்பு இல்லை என்றது. இந்திய நீதிமன்றம் தயங்கும் ஒரு தாளை அமெரிக்க விதி இரண்டாம் படியில் உட்கார வைக்கிறது. பள்ளிக்கே போகாத பெண்ணுக்கோ அந்தப் படியும் கிடையாது. அவருடைய தலைமுறையில் அப்படிப்பட்ட பெண்கள் ஏராளம்.

ஜாதகம் இதற்கு நேர்மாறானது. நாழிகை, நட்சத்திரம், இலக்கினம் எனப் பிறந்த நேரம் பள்ளிப் பதிவைவிடத் துல்லியமாக அதில் இருக்கலாம். ஆனாலும் பஞ்சாப் அரசு எதிர் மொஹிந்தர் சிங் வழக்கில் (2005) உச்ச நீதிமன்றம் அதை மிகப் பலவீனமான சான்று என்றது. எப்போது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்பதால் அந்த ஐயத்தைப் பழிக்க முடியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. பஞ்சாங்க நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. புதன்கிழமை அதிகாலை இரண்டு மணிக்குப் பிறந்த குழந்தை ஜாதகத்தில் செவ்வாய்க்கிழமைக் குழந்தை. அதை ஆங்கிலத் தேதிக்கு மாற்றுகிறவர் நேரத்தைக் கவனிக்காவிட்டால் ஒரு நாள் பின்னே போய்விடும். கோப்பில் அது பொய்யாகத் தெரியும். உண்மையில் அது இரண்டு நாட்காட்டிகளின் வேறுபாடு.

சந்தேகத்துக்கு ஒரு வரலாறு உண்டு

மறுதரப்பையும் எடை போட வேண்டும். பிறப்பு ஆவணத்தின் மீது அமெரிக்க அதிகாரிக்கு இருக்கும் ஐயம் நேற்று முளைத்ததன்று. 1882-இன் சட்டம் சீனத் தொழிலாளர்களின் வருகையைத் தடுத்தது. 1898-இல் வோங் கிம் ஆர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம், அமெரிக்க மண்ணில் பிறந்த சீனரும் குடிமகனே என்று தீர்ப்பளித்தது. 1906-இல் சான் பிரான்சிஸ்கோ நகரை நிலநடுக்கமும் தீயும் அழித்தபோது பிறப்புப் பதிவுகளும் சாம்பலாயின. இங்கேதான் பிறந்தேன் என்று சொன்னவரை மறுக்க ஏடு இல்லை. அப்படிக் குடிமகனானவர், சீனாவில் தமக்கு மகன்கள் உண்டு என்று அறிவிக்க, அந்த இடங்கள் விலைக்குப் போயின. ‘காகித மகன்கள்’ என்ற பெயர் அப்படி வந்தது.

1910 முதல் 1940 வரை ஏஞ்சல் தீவு நிலையத்தில் வந்தவர்களைத் தனித்தனியே உட்கார வைத்து விசாரித்தார்கள். வீட்டுக்கு எத்தனை படி, அரிசிப் பானை எந்த மூலையில், அண்டை வீட்டுக்காரர் யார் என்று கேள்விகள் போயின. காகித மகன்கள் விடைகளை மனப்பாடம் செய்துகொண்டு வந்தார்கள். மெய்யான மகன்களோ தந்தை சொன்ன விடையோடு தம் விடை பொருந்தாமல் தடுமாறினார்கள். மனப்பாடம் செய்தவருக்குச் சாதகமாகவும் இயல்பாக நினைவுகூர்ந்தவருக்குப் பாதகமாகவும் ஒரு சோதனை அமைந்துவிடலாம் என்பது இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் உறுத்தும் செய்தி. மோசடி நடந்தது உண்மை. அந்த மோசடியை விளைவித்தது நேர்வழியை அடைத்த ஒரு விலக்குச் சட்டம் என்பதும் அதே அளவு உண்மை.

இன்றைக்கும் ஐயத்துக்குக் காரணம் உண்டு. குடிமக்களின் பெற்றோருக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. ஆனால் வேலைவாய்ப்பு வழியாகவும், குடும்ப முன்னுரிமைப் பிரிவுகள் வழியாகவும் வருவோருக்கு ஆண்டுதோறும் ஒரு நாட்டுக்கு 7 விழுக்காடு என்ற உச்சவரம்பு உண்டு. நாடு எது என்பதைக் குடியுரிமை தீர்மானிப்பதில்லை. பிறந்த இடமே தீர்மானிக்கிறது. கனடாக் குடிமகனானாலும் மதுரையில் பிறந்தவர் இந்திய வரிசையில்தான் நிற்பார். குவைத்தில் பிறந்த தமிழர் அந்த நீண்ட வரிசைக்கு வெளியே இருப்பார். பிறப்புச் சான்றிதழின் ‘இடம்’ என்ற ஒற்றை வரி பல ஆண்டுக் காத்திருப்புக்குச் சமம். 1960-களில் பர்மாவிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களை நினைத்துப் பார்க்கலாம். ரங்கூனில் பிறந்து, கையில் தாளின்றிக் கப்பலேறி வந்து, இங்கே பள்ளியில் அப்பாவின் ஊரையே எழுதிக்கொண்டவருக்குத் தாம் பிறந்த மண்ணை நிறுவ என்ன வழி?

தேதியும் அப்படித்தான். இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி 1950 ஜனவரி 26-க்கும் 1987 ஜூலை 1-க்கும் இடையில் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். மண்டபம் முகாமில் 1986-இல் இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த ஒரு பெண்ணை 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்தியக் குடிமகளாக ஏற்றது. அவரிடம் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. அதே முகாமில் அதே ஆண்டில் பிறந்து சான்றிதழ் இல்லாதவருக்குச் சட்டம் ஒன்றேதான். ஆனால் அதை எட்டும் ஏணி இல்லை.

தாமதப் பதிவு என்னும் பொறி

தாள் இல்லையென்றால் இப்போது பதிந்து வாங்கிவிடலாமே என்று சிலர் சொல்கிறார்கள். சட்டம் அதற்கு இடம் தருகிறது. 1969 சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி ஓராண்டு கடந்த பிறப்பை நீதித்துறை நடுவரின் ஆணை பெற்றுப் பதியலாம் என்று இருந்தது. 2023 திருத்தம் அந்த அதிகாரத்தை மாவட்ட, கோட்ட அளவிலான நிர்வாக நடுவர்களிடம் கொடுத்தது. ஆனால் அறுபது ஆண்டு கழித்துப் பதிந்த பிறப்பை அமெரிக்க அதிகாரி அதே கண்ணோடு பார்ப்பதில்லை. குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 1997-இல் புவேனோ வழக்கில், தாமதமாகப் பதிந்த சான்றிதழ் மறுக்கப்படாமல் இருந்தாலும் தந்தைமையை முடிவாக நிறுவிவிடாது என்றது. 2017-இல் ரஹ்மான் வழக்கில் அதே வாரியம், அத்தகைய சான்றிதழை ஒதுக்காமல் பிற எல்லாச் சான்றுகளோடும் சூழ்நிலையோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று தெளிவாக்கியது.

இரண்டாவது தீர்ப்பையே சமநிலையானதாகக் கருதுகிறேன். இருந்தாலும் விண்ணப்பதாரரின் நெருக்கடி தீரவில்லை. தாள் இல்லாவிட்டால் தகுதியின்மை என்ற அனுமானம். இன்று வாங்கினால் இன்று செய்த தாள் என்ற ஐயம். என்னைக் கேட்டால், புதுச் சான்றிதழைத் தனியாக அனுப்புவதே பிழை. அன்று பதிவு இல்லை என்ற கடிதம், அந்த ஆண்டில் அந்த ஊர்ப் பதிவுகளின் நிலை, பள்ளி அல்லது ஆலயப் பதிவு, சாட்சியங்கள் ஆகியவற்றோடு சேரும்போதுதான் தாமதப் பதிவு தன் கதையைச் சொல்கிறது. முரண்பாடு இருந்தால், ஜாதகத் தேதிக்கும் பள்ளித் தேதிக்கும் இடையில் ஓராண்டு வேறுபாடு இருந்தால்கூட, அதை மறைப்பதைவிடக் காதைத் தொட்டுச் சேர்ந்த கதையை வெளிப்படையாக எழுதுவது நல்லது.

ஆவணத்தைப் பாதுகாக்க வேண்டிய அரசே தவறினால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்தின் விண்ட்ரஷ் தலைமுறை காட்டியது. 1973-க்கு முன் சட்டப்படி வந்து குடியேறிய கரீபிய மக்களின் வருகைச் சீட்டுகளை உள்துறை 2010-இல் அழித்துவிட்டது. பின்னர் அதே துறை அவர்களிடம் வாழ்ந்ததற்கு ஆண்டுவாரியாகச் சான்று கேட்டது. வேலையையும் மருத்துவத்தையும் இழந்தவர்கள் உண்டு. நாடு கடத்தப்பட்டவர்களும் உண்டு. 2020 மார்ச்சில் வெளிவந்த வெண்டி வில்லியம்ஸின் ஆய்வறிக்கை அத்துறையின் நிறுவனத் தவறுகளை விரிவாகப் பதிந்தது.

உள்ளறையில் இருந்தவர்கள்

மூன்றாம் படிக்கு வருகிறோம். பிரமாணப் பத்திரம் விதியின் வரிசையில் கடைசி. வீட்டுப் பேற்றைப் பொறுத்தவரை அந்த வரிசை தலைகீழ் என்பதே என் வாதம். முன்சீப்பின் வரி, தகப்பனோ தலையாரியோ வந்து சொன்னதைக் கேட்டு எழுதியது. பள்ளியின் தேதி கையின் நீளத்தைப் பார்த்து எழுதியது. பிறப்பைக் கண்ணால் கண்டவர்கள் உள்ளறையில் இருந்த பெண்கள். மருத்துவச்சி, பாட்டி, சித்தி, வெந்நீர் கொண்டுவந்த அத்தை. 1992-93-இல்கூட இந்தியாவில் நடந்த பிறப்புகளில் 26 விழுக்காடுதான் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன என்று முதல் குடும்பநல ஆய்வு சொல்கிறது. மற்றவற்றுக்கெல்லாம் முதன்மைச் சாட்சிகள் இவர்கள்தான். விதி கேட்கும் ‘நேரடி அறிவு’ இவர்களிடம் இருக்கிறது. விதி தரும் மதிப்போ கடைசி இடம்.

அந்த மதிப்பையும் நாமே குறைத்துக்கொள்கிறோம். நோட்டரி வாசலில் தட்டச்சு செய்து தரும் பத்திரங்கள் பெரும்பாலும் ஒரே அச்சு. ‘இன்னார் இன்ன தேதியில் இன்ன ஊரில் பிறந்தார் என நான் நன்கு அறிவேன்’ என்ற ஒரு வரி. எப்படி அறிவார் என்பது இல்லை. அந்தப் பத்திரம் தள்ளப்பட்டால் அதிகாரியை மட்டும் குறைசொல்ல முடியாது. சித்தி தன் சொல்லில் சொல்லட்டும்: எனக்கு அப்போது பதினோரு வயது, அக்கா பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள், ஐப்பசி மழை, மருத்துவச்சியை அழைத்துவர என்னைத்தான் அனுப்பினார்கள், விடிவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. இதை அப்படியே தமிழில் எழுதி, முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பையும், மொழிபெயர்த்தவரின் சான்றுரையையும் இணைக்க விதியே இடம் தருகிறது.

1958-இல் பதினோரு வயதாக இருந்த அந்தச் சித்தி 1947-இல் பிறந்தவர். எண்பதை ஒட்டிய வயது. அவருடைய பிறப்புக்கும் தாள் இருக்காது. பதிவின்மைச் சான்றுக்கான மனு அலுவலகத்தில் மாதக்கணக்கில் கிடக்கலாம்; அடுத்த ஆண்டு கேட்டாலும் அதே விடைதான் வரும். சித்தியின் வாக்குமூலம் அப்படிக் காத்திருக்காது. பிள்ளைகள் படிவத்தை நிரப்பத் தொடங்கும் அன்றே நோட்டரியை அவர் வீட்டுத் திண்ணைக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது.